சி டிரைவ் சிவப்பாகிவிட்டதா? அழிப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

கேள்வி இதுதான். 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள விண்டோஸ் லேப்டாப். சி டிரைவின் பட்டை சிவப்பாகி, 3 ஜிபிதான் மிச்சம் என்று காட்டுகிறது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாயிற்று. ரன் விண்டோவில் டெம்ப், ப்ரீஃபெட்ச் என்று அடித்து வந்ததையெல்லாம் அழித்தாயிற்று. இரண்டே நாளில் பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி நிரம்பிவிடுகிறது. ஃபார்மட் அடிப்பதா, புது டிஸ்க் வாங்குவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அழித்த இடம் இரண்டு நாளில் திரும்ப நிரம்புகிறது என்றால், உள்ளே ஏதோ ஒன்று தினமும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது எது என்று தெரியாமல் ஃபார்மட் அடித்தாலும், அதே மென்பொருட்களை அதே செட்டிங்ஸோடு திரும்பப் போட்டால் சில மாதங்களில் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். முதலில் அளக்க வேண்டும், அப்புறம்தான் அழிக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். 256 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் 238 ஜிபி என்றுதான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். ஏமாற்று எதுவும் இல்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-ஆல் மும்முறை பெருக்கி, சுமார் 107 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறது. அதே கணக்கில் 512 என்பது 476 ஆகும், ஒரு டிபி என்பது 931 ஆகும். இதில் ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸைப் பழுது பார்க்க டிஸ்க்கில் தனியாக ஒதுக்கிய பகுதி) போன்றவற்றுக்குக் கொஞ்சம் போய்விடும். ஆக உங்கள் பட்ஜெட் 256 அல்ல, 237-க்குப் பக்கம்.

டெம்ப், ப்ரீஃபெட்ச் சடங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. சர்வீஸ் கடையில் லேப்டாப்பைக் கொடுத்தால் இன்றைக்கும் முதலில் இதைத்தான் செய்வார்கள். டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்வதில் தவறில்லை, சில நேரம் கணிசமாகவே இடம் கிடைக்கும். பயன்பாட்டில் இருக்கும் ஃபைல்களை அழிக்க முடியாது என்று சொன்னால் ஸ்கிப் கொடுத்துவிட்டுப் போகலாம். ப்ரீஃபெட்ச் கதை வேறு. எந்த புரோகிராம் திறக்கும்போது எந்தெந்த ஃபைல்கள் தேவைப்படும் என்று விண்டோஸ் குறித்து வைத்துக்கொள்ளும் சின்னஞ்சிறு குறிப்புகள் அவை. மொத்தமாகச் சேர்த்தாலும் சில எம்பி தேறினால் அதிகம். பழையவற்றை விண்டோஸே நீக்கிக்கொள்ளும். நீங்கள் அழித்தால் அடுத்த தடவை புரோகிராம்கள் மெதுவாகத் திறக்கும், குறிப்புகள் மறுபடி உருவாகும். லாபம் ஒன்றுமில்லை.

சரி, இப்போதைக்கு மூச்சுவிடச் சில ஜிபி வேண்டும். 3 ஜிபி மிச்சத்தில் விண்டோஸ் அப்டேட்கூட இறங்காது. 80070070 என்று முடியும் பிழை எண் வந்தால் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போங்கள். சற்றுநேரம் துழாவிவிட்டு ஒரு பட்டியலைக் காட்டும். அதில் விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ், டெம்பரரி ஃபைல்ஸ், தம்ப்நெயில்ஸ் இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்யலாம். அண்மையில் விண்டோஸ் 11-க்கு மாறியிருந்தால் ‘முந்தைய விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்ற வரியும் இருக்கும். பழைய விண்டோஸ் முழுவதையும் விண்டோஸ் ஓல்டு என்ற ஃபோல்டரில் வைத்திருக்கிறார்கள், பத்து இருபது ஜிபி சாதாரணமாக இருக்கும். பழையதற்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தால் உதவும் என்று 10 நாள் வைத்திருந்துவிட்டு, அப்புறம் விண்டோஸே அழித்துவிடும். புதியதில் பிரிண்டர், ஸ்கேனர் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்றால் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு வரியில் மட்டும் கையை வைக்காதீர்கள்: டவுன்லோட்ஸ். தற்காலிக ஃபைல் என்ற தலைப்பின் கீழ் அதை ஏன் கொண்டுவந்து வைத்தார்கள் என்று தெரியவில்லை. நம்மில் பாதிப் பேருக்கு மார்க்‌ஷீட், பத்திரத்தின் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாமே டவுன்லோட்ஸில்தான் கிடக்கிறது. ‘எல்லாவற்றையும் டிக் செய்’ என்று வேகத்தில் போனால் அத்தனையும் போய்விடும், ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது. டவுன்லோட்ஸைக் கையால் பார்த்துத்தான் அழிக்க வேண்டும்.

இனி அளக்கும் வேலை. விஸ்ட்ரீ அல்லது வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். நான் விஸ்ட்ரீயைத்தான் சொல்வேன். சாதாரண மென்பொருள் ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து பார்க்கும்; இது டிஸ்க்கில் உள்ள மாஸ்டர் ஃபைல் டேபிளை, அதாவது எந்த ஃபைல் எங்கே எவ்வளவு என்று எழுதிவைத்திருக்கும் அட்டவணையை, நேரடியாகப் படித்துவிடுகிறது. எஸ்எஸ்டி என்றால் சில வினாடிகளில் முடிந்துவிடும். ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறப்பது முக்கியம். இல்லையென்றால் சிஸ்டம் ஃபோல்டர்களுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

பெரியதிலிருந்து சிறியதாக ஃபோல்டர்கள் வரிசைகட்டி நிற்கும். பெரும்பாலும் முதல் வரியே யூசர்ஸ். அதைத் திறந்தால் உங்கள் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, டவுன்லோட்ஸ், வீடியோஸ். ஆப்டேட்டா என்பது எக்ஸ்ப்ளோரரில் சாதாரணமாகக் கண்ணில் படாத மறைவு ஃபோல்டர். வாட்ஸ்அப், டெலிகிராம், குரோம் என எல்லா மென்பொருளும் தன் மூட்டையை அங்கேதான் இறக்கி வைக்கிறது. ‘தினமும் வளரும் ஒன்று’ என்று மேலே சொன்னேனே, பத்தில் எட்டுத் தடவை அது இங்கேதான் பிடிபடும்.

டெலிகிராமை எடுத்துக்கொள்வோம். டவுன்லோட்ஸுக்குள் டெலிகிராம் டெஸ்க்டாப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். சேனல்களிலிருந்து இறக்கிய படம், பரீட்சைக்கான பிடிஎஃப், எல்லாம் அதில். அது தவிர நீங்கள் பார்த்துக் கடந்துபோன வீடியோ, போட்டோவின் பிரதிகள் ஆப்டேட்டாவில் தனியாகச் சேரும். டெலிகிராமின் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு, மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ் என்று போனால் அது எவ்வளவு என்று தெரியும். அங்கேயே காலி செய்யலாம், இத்தனை ஜிபிக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் வைக்கலாம். டெலிகிராமின் சரக்கு அவர்கள் சர்வரில் இருப்பதால் வேண்டும்போது திரும்ப வந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் அந்தத் தைரியம் வேண்டாம். நீங்கள் இருக்கும் குடும்பக் குரூப், அபார்ட்மென்ட் குரூப், பள்ளித் தோழர்கள் குரூப் அத்தனையின் காலை வணக்கமும் போனில் ஒரு பிரதி, லேப்டாப்பில் ஒரு பிரதி என இரண்டு இடத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் ஆட்டோ டவுன்லோடை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. ஏற்கெனவே சேர்ந்ததை அழிக்கும் முன், அலுவலக வேலையாக வந்த ஃபைல்கள் உங்கள் போனில் இன்னும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மீடியாவை எப்போது கேட்டாலும் வாட்ஸ்அப் சர்வர் திரும்பக் கொடுக்கும் என்று நம்பக் கூடாது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் விஸ்ட்ரீயில் மொபைல்சிங்க் என்ற பெயரைத் தேடுங்கள். எப்போதோ ஒருநாள் ஐடியூன்ஸில் எடுத்த பேக்கப் அப்படியே இருக்கும். போனில் உள்ள போட்டோக்களும் அதில் இருக்கலாம் என்பதால் ஒன்றே 50 ஜிபி இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஃபோல்டரை நேராக அழிக்காமல், ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் மென்பொருளுக்குள் போய் பேக்கப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு, எடிட்டிங் வேகமாக நடக்க மென்பொருள் சேர்த்துவைக்கும் தற்காலிக ஃபைல்களான மீடியா கேஷ்தான் வில்லன். பிரீமியர் புரோவில் பிரிஃபரன்சஸ், மீடியா கேஷ் பக்கத்தில் அழிக்கலாம், டாவின்சியில் ரெண்டர் கேஷை பிளேபேக் மெனுவிலேயே அழிக்கலாம். ஒரிஜினல் வீடியோவுக்கு எதுவும் ஆகாது. அவுட்லுக் வைத்திருந்தால், ஓஎஸ்டி என்று முடியும் ஒரே ஃபைலில் வருடக்கணக்கான மெயில் உட்கார்ந்திருக்கும். ஆஃப்லைனில் ஒரு வருட மெயில் போதும் என்று அக்கவுன்ட் செட்டிங்ஸில் குறைத்தால் அது இளைக்கும்.

மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடம் பிடிப்பதைவிட ஃபைல் தொலைவதில்தான் இது பெரிய ஆபத்து. லேப்டாப்பை முதன்முதலில் செட்டப் செய்யும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தியிருப்போம். அதில் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவுக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ப்ளோரரில் ஒரு ஃபைலுக்குப் பக்கத்தில் நீல மேகம் தெரிந்தால் அது டிஸ்க்கில் இடம் பிடிக்கவில்லை, ஆன்லைனில் மட்டும் இருக்கிறது. பச்சை டிக் இருந்தால் இங்கேயும் ஒரு பிரதி இருக்கிறது. இடம் வேண்டுமென்றால் அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுக்க வேண்டும். பச்சை, நீல மேகமாக மாறும், இடம் கிடைக்கும். ‘ஆன்லைனில்தான் இருக்கிறதே’ என்று நினைத்து டெலீட் கொடுத்தால் ஆன்லைனிலும் சேர்ந்தே போய்விடும், போனிலும் காணாமல் போகும். சொந்த அக்கவுன்ட் என்றால் ஒன்டிரைவ் தளத்தின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும். அதற்குள் கவனித்தால் தப்பிக்கலாம். ஃபைலை அங்கிருந்து டி டிரைவுக்கு மூவ் செய்தாலும் இதே கதிதான்: ஆன்லைன் பிரதி போய், டி டிரைவில் இருப்பது ஒன்றே ஒன்றாக நிற்கும்.

இனி விண்டோஸின் சொந்தச் செலவுகள். சி டிரைவின் மேல்மட்டத்தில் ஹைபர்ஃபில் என்று ஒரு பெரிய ஃபைல் விஸ்ட்ரீயில் தெரியும். திறந்திருக்கும் வேலை அப்படியே இருக்க லேப்டாப்பை அணைக்கும் ஹைபர்னேட்டைக் கொடுக்கும்போது, ரேமில் இருப்பதைக் கொட்டிவைக்கும் இடம் அது. வழக்கமாக ரேமில் 40 சதவீத அளவுக்கு இருக்கும், அதாவது 16 ஜிபி ரேம் என்றால் ஆறரை ஜிபிக்குப் பக்கம். ஹைபர்னேட்டே பயன்படுத்துவதில்லை என்றால் நிறுத்திவிடலாம். இதற்கு மெனுவில் பட்டன் கிடையாது, கட்டளைதான். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி மூன்று எழுத்துகளையும் சேர்த்து அடியுங்கள்; ஓர் இடைவெளி, முன்சாய்ந்த கோடு, எச்; மறுபடி ஓர் இடைவெளி, ஆஃப்; என்டர். ஃபைல் அப்போதே காணாமல் போகும். இதனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் நின்றுவிடும். எஸ்எஸ்டியில் அதன் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பேட்டரி முழுதும் இறங்கும்வரை லேப்டாப்பைத் திறந்தே வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் இதைத் தொடாதீர்கள், பேட்டரி தீரும் நேரத்தில் திறந்திருக்கும் வேலையைக் காப்பது ஹைபர்னேட்தான். அதன் பக்கத்திலேயே இருக்கும் பேஜ்ஃபைலையும் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல்) தொட வேண்டாம். அதை நிறுத்திவிட்டால் குரோமில் நாலு டேப் கூடுதலாகத் திறந்தாலே மெமரி இல்லை என்று புரோகிராம்கள் மூடிக்கொள்ளும்.

சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற ஃபோல்டர் பெரிதாக இருந்தால், அதில் இருப்பவை பெரும்பாலும் ரெஸ்டோர் பாயின்ட்கள், அதாவது விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப எடுத்துவைத்த பதிவுகள். சிஸ்டம் புரொடெக்‌ஷனில் கான்ஃபிகர் பட்டனை அழுத்தி, எவ்வளவு இடம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்ற கோட்டை இடப்பக்கம் தள்ளுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம், டிரைவர் ஏதாவது சொதப்பினால் கைகொடுப்பது அதுதான்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள், விண்டோஸ் தன் உறுப்பு ஃபைல்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். எக்ஸ்ப்ளோரரில் அதன் அளவு மிகையாகத் தெரியும். ஒரே ஃபைல் டிஸ்க்கில் ஒரு தடவைதான் இருக்கும். ஆனால் சிஸ்டம்32-லும் வின்எஸ்எக்ஸ்எஸ்ஸிலும் என இரண்டு பெயரில் அதற்கு வழி வைத்திருப்பார்கள். எக்ஸ்ப்ளோரர் இரண்டு இடத்திலும் கூட்டிக் காட்டிவிடுகிறது. அதைக் கையால் அழித்தால் விண்டோஸே திறக்காமல் போகலாம். மேலே சொன்ன விண்டோஸ் அப்டேட் கிளீனப்தான் அதைச் சுத்தம் செய்யும் முறையான வழி. விண்டோஸுக்குள் இன்ஸ்டாலர் என்று மறைந்திருக்கும் ஃபோல்டருக்கும் இதே எச்சரிக்கை. அழித்த அன்றைக்கு எதுவும் ஆகாது. ஆறு மாதம் கழித்து ஆபீஸை அப்டேட் செய்யவோ அன்இன்ஸ்டால் செய்யவோ போகும்போது முடியாது என்று நிற்கும், காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

அக்கவுன்ட்ஸ் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. டேலியின் டேட்டா ஃபோல்டருக்குள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும். பார்த்தால் ஏதோ குப்பை மாதிரிதான் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனியின் மொத்தக் கணக்கு. இடம் பிடிப்பது பெரும்பாலும் அவையாக இருக்காது. தினம் ஒன்றாக எடுத்து சி டிரைவிலேயே அடுக்கிவைத்த பேக்கப்தான் பிடிக்கும். அதே டிஸ்க்கில் வைத்த பேக்கப், டிஸ்க் போனால் கூடவே போகும் என்பதால் அதை எக்ஸ்டர்னல் டிரைவுக்கு மாற்றினால் இடமும் கிடைக்கும், பேக்கப்பும் உண்மையான பேக்கப்பாகும்.

எவ்வளவு காலியாக வைத்திருக்க வேண்டும் என்று கேட்டால், 256 ஜிபி டிஸ்க்கில் 40 ஜிபி என்பது என் கணக்கு. விண்டோஸ் அப்டேட்டுக்கு மட்டுமல்ல, எஸ்எஸ்டிக்கே அது தேவை. எஸ்எஸ்டியில் சிறுசிறு பக்கங்களாக எழுதலாம், ஆனால் அழிப்பது பெரிய பெரிய பிளாக்காக மட்டுமே நடக்கும். அதனால் புதிதாக எழுத, இருக்கிற டேட்டாவை இங்கிருந்து அங்கே நகர்த்தி ஒரு பிளாக்கைக் காலி செய்ய வேண்டியிருக்கும். டிஸ்க் நிரம்பிவிட்டால் நெரிசலான டவுன் பஸ்ஸில் கண்டக்டர் படும் பாடுதான். விலை குறைந்த எஸ்எஸ்டிகள் பலவும் காலி இடத்தின் ஒரு பகுதியைத்தான் வேகமான தற்காலிக இடமாகப் பயன்படுத்துகின்றன. காலி இடம் குறைந்தால் அந்த வேகமும் போய்விடும். லேப்டாப் மந்தமாகிவிட்டது என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

பார்ட்டிஷன், அதாவது ஒரே டிஸ்க்கைப் பல டிரைவாகப் பிரிக்கும் விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். நம் ஊர்க் கடைகளில் 256 ஜிபி எஸ்எஸ்டியைக்கூட சி 100, டி 138 என்று பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. டிஸ்க் ஒன்றுதான், கெட்டால் இரண்டும் சேர்ந்தே கெடும்; பிரித்ததில் பாதுகாப்பு என்று எதுவும் வந்துவிடவில்லை. சி நிரம்பித் திணறும்போது டி பாதி காலியாகக் கிடப்பதுதான் மிச்சம். டியில் உள்ளதை வெளியே காப்பி எடுத்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டியை நீக்கி, சியை ரைட் கிளிக் செய்து எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்தால் ஒன்றாகிவிடும். சி டிரைவுக்கு வலப்பக்கத்தில் ஒட்டினாற்போலக் காலி இடம் இருந்தால்தான் இது நடக்கும். நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் எக்ஸ்டெண்ட் மங்கலாகத்தான் இருக்கும். அப்படியானால் அதோடு மல்லுக்கட்டாமல், டவுன்லோட்ஸ், வீடியோஸ் ஃபோல்டர்களின் பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் டேப்பைத் திறந்து, மூவ் கொடுத்து டி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸை மட்டும் கட், பேஸ்ட் செய்து டி டிரைவுக்குக் கொண்டுபோகாதீர்கள், எதுவும் ஓடாது. அன்இன்ஸ்டால் செய்துவிட்டு டியில் புதிதாகப் போடுவதுதான் வழி.

ஒரே கிளிக்கில் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கிளீனர் மென்பொருட்கள் தேவையா? தேவையில்லை. 2017-இல் சிகிளீனரின் ஒரு வெர்ஷனுக்குள்ளேயே ஹேக்கர்கள் மால்வேரை நுழைத்துவிட்டார்கள், அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே லட்சக்கணக்கானோர் அதை இறக்கினார்கள். விண்டோஸின் செட்டிங்ஸ் பதிவேடான ரிஜிஸ்ட்ரியைக் கிளீன் செய்தால் இடம் கிடைக்கும் என்பதும் வீண் பேச்சு. டிஸ்க்கில் சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் செய்தாலும் காலி இடம் அதிகமாகாது. போட்டோவையும் எம்பி4 வீடியோவையும் ஜிப் செய்தாலும் ஒன்றும் பெரிதாகக் குறையாது, அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவைதான்.

இத்தனையும் செய்து, விஸ்ட்ரீயில் பார்த்தால் இருப்பதெல்லாம் வேண்டிய ஃபைல்தான் என்ற நிலை வந்தால், அப்போது புது எஸ்எஸ்டி வாங்குங்கள். வாங்கும் முன் உங்கள் லேப்டாப்பில் பொருந்தும் எஸ்எஸ்டி வகை 2.5 இன்ச் சாட்டாவா, எம்.2 சாட்டாவா, எம்.2 என்விஎம்இயா என்று மாடல் எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். எம்.2 இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றி வாங்கினால் வேலை செய்யாமல் போகலாம். ஒரு யூஎஸ்பி என்குளோஷரில் (டிஸ்க்கைப் போட்டு யூஎஸ்பியில் இணைக்கும் உறை) புதியதை மாட்டி, பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன் எடுத்தால் விண்டோஸைத் திரும்பப் போடும் வேலை மிச்சம். குளோனுக்கு முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயைக் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் லாகின் செய்திருந்தால் வழக்கமாக அங்கேயே சேமித்திருக்கும். டிஸ்க் மாற்றியதும் லேப்டாப் அதைக் கேட்டு நின்றால் வேறு வழியில்லை. பழைய எஸ்எஸ்டியை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். புதியதில் எல்லா ஃபைலும் திறக்கிறது, டேலியும் பிரிண்டரும் ஓடுகின்றன என்று சில வாரம் பார்த்துவிட்டு, அப்புறம் அதே என்குளோஷரில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.